வளர்ப்பா, சேர்க்கையா, ஏரியாவா? இளம் பருவ வன்முறையின் ஆபத்துக் காரணிகளும் காப்புக் காரணிகளும்

17 வயதுப் பையன் ஒருவன் வெட்டுக்குத்து வழக்கில் பிடிபட்டான் என்று செய்தி வந்தால், அன்று மாலைக்குள் தெருவிலேயே காரணம் முடிவாகிவிடும். வளர்ப்பு சரியில்லை என்பார் ஒருவர். சேர்க்கை கெட்டுப்போச்சு என்பார் இன்னொருவர். அந்த ஏரியாவே அப்படித்தான் என்று மூன்றாமவர் சொல்ல, அவங்க ரத்தமே அப்படி என்று நான்காவது ஆள் கதையை முடித்துவைப்பார். இதையெல்லாம் டீக்கடைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. குற்றவியல் ஆய்வாளர்கள் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகத் துருவிக்கொண்டிருப்பதும் இதே நான்கைத்தான்: குடும்பம், நட்பு, வசிப்பிடம், பிறவி.

விஷயத்தின் கனம் பெரிது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 15 முதல் 29 வயதுக்குள் ஆண்டுதோறும் 2 லட்சத்துக்கு நெருக்கமானோர் கொலை செய்யப்படுகிறார்கள். இந்தியாவில் 2022இல் சிறார்கள் மீது பதிவான வழக்குகள் 30,000ஐத் தாண்டின. பிடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் 16 வயதைக் கடந்தவர்கள்.

ஒரு நிலைமையில் வளரும் பிள்ளைகளிடம் பின்னாளில் குற்றம் கூடுதலாகக் காணப்பட்டால் அந்த நிலைமையை ஆபத்துக் காரணி என்கிறார்கள். அது இருந்தும் பிள்ளையைத் தடம் புரளாமல் நிறுத்துவது எதுவோ, அது காப்புக் காரணி. முதல் பட்டியல் இன்று ஓரளவு உறுதியாகத் தெரியும். இரண்டாவது பட்டியல் பாதி தெரியும். இந்த அறிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் உலகெங்கும் குளறுபடி. உதவி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை இப்பட்டியல் நன்றாகவே காட்டும். எந்தப் பையன் குற்றம் செய்வான் என்று கேட்டால் தவறிவிடும். ஆய்வுகளை வரிசையாகப் பார்த்தால் இந்த வேறுபாடு புலப்படும்.

பின்தொடர்ந்து பார்த்தவர்கள்

ஹார்வர்டு சட்டப் பள்ளியைச் சேர்ந்த ஷெல்டன் கிளூக், எலினோர் கிளூக் தம்பதியர் பாஸ்டன் நகரில் குற்றத்தில் சிக்கிய 500 சிறுவர்களையும் சிக்காத 500 சிறுவர்களையும் ஒப்பிட்டு 1950இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். வயது, இனம், அறிவுத்திறன், வசிப்பிடம் ஆகியவற்றில் இணை சேர்த்து எடுத்த ஒப்பீடு. ஆனால் சீர்திருத்தப் பள்ளிக்குள் போய்விட்ட பையனிடமிருந்து பின்னோக்கிக் காரணம் தேடும்போது ஒரு கோளாறு உண்டு. முடிவு தெரிந்த பிறகு பெற்றோரும் ஆசிரியரும் பழையதை அதற்கேற்பத்தான் நினைவுகூர்வார்கள்.

அதனால் அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் குற்றம் நடக்கும் முன்பே தொடங்கினார்கள். 1961இல் டொனால்ட் வெஸ்ட் தெற்கு லண்டனின் உழைக்கும் மக்கள் பகுதியிலிருந்து 8, 9 வயதுச் சிறுவர்கள் 411 பேரைத் தேர்ந்தெடுத்தார். பின்னர் டேவிட் ஃபாரிங்டன் அந்த ஆய்வைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். 50 வயதுக்குள் அவர்களில் ஏறத்தாழ 41 விழுக்காட்டினர் ஏதோ ஒரு குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தார்கள். ஆனால் மொத்தக் குற்றங்களில் பாதி, வெறும் 7 விழுக்காட்டினர் கணக்கில் வந்தது. ஃபிலடெல்ஃபியாவில் 1945இல் பிறந்த 9,945 ஆண்பிள்ளைகளைப் பற்றி மார்வின் வுல்ஃப்கேங் குழு செய்த ஆய்விலும் இதே வடிவம்: 627 பேர், அதாவது 6 விழுக்காட்டினர், 52 விழுக்காடு குற்றங்களுக்குப் பொறுப்பு.

வயதும் குற்றமும் தொடர்புடையவை என்பது புதிதல்ல. பெல்ஜியப் புள்ளியியலாளர் கெத்தலே 1831லேயே அதைக் கண்டு எழுதினார். பதின்பருவத்தில் மளமளவென்று ஏறி, இருபதுகளில் இறங்கிவிடும் கோடு அது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த டெர்ரி மாஃபிட், 1993இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பதின்பருவத்தில் மட்டும் விதி மீறி, பிறகு தானே அடங்கிவிடும் பெரும்பான்மை ஒன்று. மூன்று, நான்கு வயதிலேயே சிக்கல் தொடங்கி ஆயுள் முழுக்கத் தொடரும் சிறு கூட்டம் மற்றொன்று. 15 வயதில் இருவரும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒருவருக்காவது கெடுதலாக முடியும்.

வளர்ப்பு

லண்டன் ஆய்வில் 8 வயதில் பதிவான நிலைமைகளில் பின்னாள் குற்றத்தோடு பலமாகச் சேர்ந்து வந்தவை இவை: குறைந்த வருமானம், அதிகப் பிள்ளைகள், தண்டனை பெற்ற தாய் அல்லது தந்தை, கண்காணிப்பில்லாத வளர்ப்பு, ஒருநாள் அடித்து மறுநாள் கண்டுகொள்ளாமல் விடும் ஒழுங்கற்ற கண்டிப்பு. குற்றம் சில குடும்பங்களில் குவிந்தும் கிடந்தது. 6 விழுக்காட்டுக்கும் குறைவான குடும்பங்களின் உறுப்பினர்களே எல்லாத் தண்டனைகளிலும் பாதியைப் பெற்றிருந்தார்கள்.

வளர்ப்பைப் பற்றிய பொதுப் புத்தியில் ஒரு பகுதியை இந்த ஆய்வுகள் தகர்த்தும் இருக்கின்றன. அப்பா இல்லாத வீட்டுப் பையன் தறுதலையாகிவிடுவான் என்பது நம்மூரிலும் கேட்கும் பேச்சு. ஜோன் மெக்கார்ட் 1982இல் மாசசூசெட்ஸ் சிறுவர்களைப் பற்றி வெளியிட்ட ஒப்பீடு அதற்கு நேர் பதில். பெற்றோர் பிரிந்து, தாயின் அன்பும் கிடைக்காத வீடுகளில் 62 விழுக்காட்டுப் பையன்கள் குற்றத்தில் சிக்கினார்கள். பெற்றோர் சேர்ந்திருந்தும் ஓயாத சண்டை நடந்த வீடுகளில் 52 விழுக்காடு. சண்டையில்லாமல் சேர்ந்திருந்த வீடுகளில் 26. பெற்றோர் பிரிந்தும் தாய் அன்போடு வளர்த்த வீடுகளில் 22. வீட்டில் எத்தனை பெரியவர்கள் என்பதைவிட அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் எண்களில் பேசுகிறது.

அடிபட்ட பிள்ளை அடிப்பவனாக வளரும் என்ற கூற்றுக்கும் இதே வகை அளவுகோல் தேவை. கேத்தி விடம் 1989இல் வெளியிட்ட ஆய்வில், வன்கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான குழந்தைகளில் 26 விழுக்காட்டினர் சிறார் வயதில் கைதானார்கள். ஒப்பீட்டுக் குழுவில் அது 17 விழுக்காடு. வேறுபாடு உண்மை. நான்கில் மூன்று பேர் அந்த வழியில் போகவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

பிறவிக்குணம்

குழந்தைகள் ஒரே மாதிரிப் பிறப்பதில்லை. சிலருக்கு அவசரம் அதிகம், அடக்கம் குறைவு. டுனெடின் ஆய்வில் 3 முதல் 11 வயதுக்குள் அளந்த தன்னடக்கம், 32 வயதில் குற்றப் பதிவு இருக்குமா என்பதோடு படிப்படியாகத் தொடர்பு காட்டியது. அதே குழு 2002இல் ஒரு மரபணு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியபோது, வன்முறை மரபணு கண்டுபிடிக்கப்பட்டதாகப் பத்திரிகைகள் அலறின. அந்த மரபணு மட்டும் இருந்து, குழந்தைப் பருவத்தில் கொடுமை இல்லாதபோது, விளைவு பெரிதாகத் தென்படவில்லை என்பது அந்தக் கட்டுரையின் மையச் செய்தி. பின்வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பும் சில இடங்களில் நின்றது, சில இடங்களில் நிற்கவில்லை.

பிறவி என்று நாம் பெயர் சூட்டுவதில் ஒரு பங்கு உண்மையில் உடம்புக்குள் போனதும் போகாததும்தான். பெயின்ட், பெட்ரோல் வழியாக உடம்பில் சேர்ந்த ஈயம் இதற்கு ஓர் உதாரணம். சோறு இன்னொன்று. மொரீஷியஸ் தீவில் 1969–70இல் பிறந்த 1,795 குழந்தைகளை 3 வயதிலிருந்து தொடர்ந்த ஆய்வை ஏட்ரியன் ரெய்ன் போன்றோர் முன்னெடுத்தார்கள். இந்திய வம்சாவளிக் குழந்தைகள் பெருமளவில் இருந்த ஆய்வு அது. மருத்துவர்கள் பார்த்தவை எளிமையானவை: வாயோரத்தில் வெடிப்பு, நிறம் மங்கி மெலிந்த முடி, ரத்தசோகை. 3 வயதில் இந்த அறிகுறிகள் இருந்த குழந்தைகள் 8, 11, 17 வயதுகளில் மூர்க்கமான நடத்தையை மற்றவர்களைவிட அதிகம் காட்டினார்கள். ஆய்வுக் குழந்தைகளில் 100 பேருக்கு 3 முதல் 5 வயதுவரை நல்ல சாப்பாடு, ஓடியாடும் உடற்பயிற்சி, தரமான பாலர் கல்வி கொடுக்கப்பட்டது. 17 வயதில் அவர்களிடம் நடத்தைச் சிக்கல் குறைந்திருந்தது. 3 வயதில் ஊட்டம் குறைந்திருந்தவர்களிடம் அந்தப் பலன் இன்னும் அதிகம். நம் அங்கன்வாடியில் வைக்கும் முட்டை ஊட்டச்சத்துக் கணக்கில் மட்டுமே எழுதப்படுகிறது. குற்றத்தடுப்புக் கணக்கிலும் அதற்கு ஒரு பத்தி இருக்க வேண்டும்.

சேர்க்கை

இளம் பருவக் குற்றம் பெரும்பாலும் கூட்டமாகச் செய்யும் குற்றம். தனியாக இருந்தால் கல்லைக்கூடத் தொடாத பையன், நாலு பேர் பார்க்கும்போது கத்தியை எடுப்பான். சென்னை மாநகரப் பேருந்துகளில் வேரூன்றிய 'ரூட்டு தல' வழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வு தேவையில்லை. ஒரு பஸ் தடம், அதற்கு ஒரு தலைவன், கூரைமேல் ஏறி ஆட்டம், எதிர்க் கல்லூரி மாணவனைக் கண்டால் பட்டாக்கத்தி. இவர்களில் பலர் மாஃபிட் சொன்ன முதல் வகை. படிப்பு முடிந்து வேலைக்குப் போனதும் அந்தத் தடமும் தலைமையும் அவர்களுக்கு அந்நியமாகிவிடும். இடையில் ஒரு வழக்கு விழுந்துவிட்டால் மட்டும் அந்தத் திரும்பல் கடினமாகிறது.

மேற்கத்தியப் பட்டியல்களில் இல்லாத ஒரு காரணி இங்கே உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கையில் வண்ணக் கயிறு, விரலில் மோதிரம், நெற்றியில் திலகம் என்று வகுப்பறைக்குள்ளேயே சாதி அடையாளம் காட்டும் பழக்கத்தைத் தடுக்கச் சொன்னது அக்குழு. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கவும், 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரை அமர்த்தவும் பரிந்துரைத்தது.

சியாட்டிலில் ஆய்வு நடத்திய ஹாக்கின்ஸ், கேட்டலானோ இருவரும் சொல்லும் ஒரு நிபந்தனை இங்கே பொருந்தும். பிள்ளைக்கும் குழுவுக்கும் இடையிலான பற்று காப்புக் காரணிதான். ஆனால் அந்தக் குழு எதைச் சரி என்று கற்றுத்தருகிறதோ அதைப் பொறுத்தே காப்பு அமையும். குடும்பப் பாசம், ஊர்க் கட்டுக்கோப்பு, நண்பர்கள் மீது உயிர் என எல்லாம் குறைவின்றி இருந்து, அவையெல்லாம் சேர்ந்து சாதிப் பெருமையைக் கற்றுக்கொடுத்தால், காப்பு என்று நினைத்ததே ஆபத்தாகிவிடும். தமிழ்நாட்டுக்கான பட்டியலை லண்டனிலிருந்து அப்படியே இறக்குமதி செய்ய முடியாது என்பதற்கு இது போதும்.

ஏரியா

சிகாகோவின் வரைபடத்தில் சிறார் குற்றங்களைக் குறித்துப் பார்த்த ஷா, மெக்கே இருவரும் 1942இல் ஒரு விசித்திரத்தை எழுதினார்கள். நகரின் சில வட்டாரங்களில் குடியிருந்த மக்கள் முழுவதுமாக மாறினார்கள். ஒரு நாட்டவர் போய் இன்னொரு நாட்டவர் வந்தார்கள். குற்ற விகிதம் மட்டும் அதே இடத்தில் தங்கியது. அங்கிருந்து வெளியேறிய சமூகங்கள் அதைத் தங்களோடு எடுத்துச் செல்லவில்லை. அவங்க ரத்தமே அப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைப்பது அரிது.

அதே நகரில் 1997இல் ராபர்ட் சாம்ப்சன் குழு 343 வட்டாரங்களில் 8,782 பேரிடம் கேட்ட கேள்விகள் சாதாரணமானவை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் சுற்றினால் இங்கே யாராவது தட்டிக்கேட்பார்களா? பெரியவர்களிடம் மரியாதைக் குறைவாக நடந்தால் கண்டிப்பார்களா? ஆம் என்ற பதில் கூடிய இடங்களில், வறுமையைக் கணக்கில் எடுத்த பிறகும், வன்முறை குறைந்திருந்தது. ஆய்வாளர்கள் இதைக் கூட்டுத் திறன் என்றார்கள். வாடகைக்கு வந்தவர்கள் ஆண்டுக்கொரு வீடு மாறும் இடத்தில், குடிசைகளை அகற்றி நகருக்கு வெளியே அடுக்குமாடிகளில் கொண்டுபோய் விட்ட இடத்தில், பக்கத்து வீட்டுப் பையனைக் கண்டிக்கும் உரிமை யாருக்கும் உடனே வந்துவிடாது.

கூடும்போதுதான் கொல்கிறது

மைக்கேல் ரட்டர் 1979இல் குழந்தைகளின் மனநலத்தைப் பற்றி எழுதியது இத்துறை முழுவதற்கும் அடிப்படையானது. பெற்றோர் சச்சரவு, வறுமை, நெருக்கடியான குடும்பம் போன்ற துன்பங்களில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்த குழந்தைகள், எதுவுமே இல்லாதவர்களைவிட அதிகம் பாதிக்கப்படவில்லை. இரண்டு சேர்ந்தபோது பாதிப்பு நான்கு மடங்கானது. லண்டன் ஆய்விலும் இதே போக்கு. குறைந்த வருமானம், பெரிய குடும்பம், தண்டனை பெற்ற பெற்றோர், மோசமான வளர்ப்பு, குறைந்த அறிவுத்திறன் ஆகிய ஐந்தில் மூன்று அல்லது அதற்கு மேல் இருந்த சிறுவர்கள் 63 பேர். 32 வயதுக்குள் அவர்களில் 46 பேர் தண்டனை பெற்றார்கள்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. ஒரு பிள்ளையின் எல்லாத் துன்பத்தையும் தீர்க்க முடியாவிட்டாலும், மூன்றை ஒன்றாகக் குறைத்தாலே பெரும்பாதி வேலை முடிந்துவிடும்.

தப்பித்தவர்கள்

அந்த 63 பேரில் தண்டனை பெறாத 17 பேர் எப்படித் தப்பினார்கள் என்று ஃபாரிங்டன் குழு தேடிப் பார்த்தது. விடை எதிர்பாராதது. அவர்களில் பலருக்கு 8 வயதில் நண்பர்களே இல்லை, அல்லது ஒன்றிரண்டு பேர்தான். கூச்சமும் ஒதுக்கமும் அவர்களைத் தெருக் கூட்டத்திலிருந்து விலக்கிவைத்திருந்தன. ஆனால் 32 வயதில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, சிலர் தனியாளாக, குறைந்த சம்பளத்தில், பராமரிப்பில்லாத வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். காவல்துறைப் பதிவில் பெயர் இல்லை என்பதால் மட்டும் அதை நல்ல வாழ்க்கை என்று சொல்லிவிட முடியாது. காப்புக் காரணியை அளக்கும்போது குற்றம் செய்யாததை மட்டும் அளந்தால் பாதிதான் தெரியும்.

நிறைவான விடை ஹவாயின் கவாய் தீவிலிருந்து வந்தது. எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் இருவரும் 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளைத் தொடர்ந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, பிரசவச் சிக்கல், குடி, குடும்பக் குலைவு எனப் பல ஆபத்துகளோடு தொடங்கியவர்கள். அவர்களிலும் மூன்றில் ஒருவர் அக்கறையும் தெம்பும் உள்ள மனிதராக வளர்ந்தார். அவர்களிடம் பொதுவாக இருந்தது பெற்றோர் அல்லாவிட்டாலும் பாட்டி, அத்தை, ஆசிரியர் என யாராவது ஒரு பெரியவரின் நிலையான உறவு. பிறரை ஈர்க்கும் சுபாவமும் வீட்டிலோ ஊரிலோ சுமந்த ஏதோ ஒரு பொறுப்பும் துணை நின்றன. முதல் 20 ஆண்டுகளில் தடுமாறியவர்களில் பலர்கூட முப்பதுகளில் வேலை, திருமணம், மேற்படிப்பு வழியாக நிலைபெற்றிருந்தார்கள்.

பெரியவரான பிறகும் வாசல் அடைபடுவதில்லை என்பதற்கு மற்றொரு சான்று. கிளூக் தம்பதியரின் பழைய கோப்புகள் ஹார்வர்டு சட்ட நூலகத்தின் அடித்தளத்தில் பெட்டிகளில் கிடந்தன. சாம்ப்சனும் ஜான் லாபும் அவற்றை எடுத்து, குற்றத்தில் சிக்கிய அந்த 500 சிறுவர்களை முதுமைவரை தேடிச் சென்றார்கள். 52 பேரை நேரில் பேட்டி கண்டார்கள். ஒரே வகையான குழந்தைப் பருவத்திலிருந்து இத்தனை வேறுபட்ட முடிவுகள் வந்ததை விளக்கியவை நிலையான வேலை, ஒத்துப்போகும் மனைவி, ராணுவச் சேவை போன்ற திருப்பங்கள். 10 வயதில் எடுத்த எந்த அளவீட்டாலும் அவற்றைக் கணித்திருக்க முடியாது.

செய்து பார்த்ததும் பட்டதும்

தடுப்பில் பலன் தந்தவை பெரும்பாலும் குற்றத்தைப் பற்றிப் பேசாதவை. மிச்சிகனின் இப்சிலாண்டியில் 1962இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளியில், 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் சீட்டுக் குலுக்குவதுபோல இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். பள்ளிக்குப் போன குழுவில் 40 வயதுக்குள் ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் 36 விழுக்காடு. போகாத குழுவில் 55 விழுக்காடு. நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் டேவிட் ஓல்ட்ஸ் நடத்திய சோதனையில், செவிலியர்கள் முதல் கர்ப்பத்திலிருந்து குழந்தைக்கு 2 வயதாகும்வரை வீடு தேடிப் போனார்கள். அந்தக் குழந்தைகள் 15 வயதில் குறைவாகவே கைதானார்கள். பதின்பருவத்தில் தொடங்கினாலும் காலம் கடந்துவிடவில்லை. சிகாகோவில் வன்முறை மிகுந்த பகுதிகளின் 1,634 மாணவர்களைக் கொண்டு 2012இல் நடந்த சோதனையில், 8 வாரக் கோடை வேலையும் வழிகாட்டும் பெரியவர் ஒருவரும் கிடைத்தவர்களிடையே வன்முறைக் கைதுகள் 16 மாதங்களில் 43 விழுக்காடு குறைந்தன.

நல்ல மனதோடு செய்தது நஞ்சான கதையும் உண்டு. மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கிய திட்டமொன்று 506 சிறுவர்களில் பாதிப் பேருக்கு ஏறக்குறைய 5 ஆண்டுகள் ஆலோசகர், பாடம், மருத்துவம், கோடை முகாம் எல்லாம் கொடுத்தது. மெக்கார்ட் 30 ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடினார். பலர் அந்தத் திட்டம் தங்களுக்கு உதவியதாக நன்றியோடு சொன்னார்கள். பதிவேடுகள் வேறு கதை சொல்லின. குடிநோய், மனநோய், மீண்டும் குற்றம், இளவயது மரணம் ஆகியவற்றில் உதவி பெற்ற குழு மோசமாக இருந்தது. பின்னர் செய்த அலசலில், திரும்பத் திரும்பக் கோடை முகாமுக்குப் போனவர்களிடம்தான் கேடு குவிந்திருந்தது. பிரச்சினைக்குரிய பையன்களை ஓரிடத்தில் சேர்த்தால் ஒருவருக்கொருவர் பாடம் நடத்திக்கொள்வார்கள். சிறுவர்களைச் சிறைக்குள் கூட்டிப்போய் ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டும் திட்டம் 1978 ஆவணப்படம் வழியாக அமெரிக்காவில் புகழ்பெற்றது. சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மிரட்டப்பட்டவர்கள் மிரட்டப்படாதவர்களைவிட அதிகக் குற்றம் செய்திருந்தார்கள்.

பட்டியல் யார் கையில்

1920ஆம் ஆண்டு தமிழ் மண்ணில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, சென்னை மாகாணம் சிறார்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். மற்றொன்று, மதுரை மாவட்டத்தின் பெருங்காமநல்லூரில் ஏப்ரல் 3 அன்று கைரேகைப் பதிவை எதிர்த்த கள்ளர் மக்கள் மீது காவல்துறை சுட்டுப் பலர் இறந்தார்கள். அவர்கள் எதிர்த்தது குற்றப் பரம்பரைச் சட்டத்தை. பிறந்த சாதியையே ஆபத்துக் காரணியாக்கி, ஆண்களைப் பதிவேட்டில் ஏற்றி, இரவில் ஆஜராகச் சொன்ன சட்டம் அது. சிறுவனின் சூழ்நிலையைக் கேட்கும் சட்டமும் பிறப்பைப் பார்த்தே தீர்ப்பெழுதும் சட்டமும் ஒரே அரசின் கையில் ஒரே நேரத்தில் இருந்தன.

இது பழங்கதை இல்லை. சிகாகோ காவல்துறை, யார் சுடுவார் அல்லது சுடப்படுவார் என்று கணினியைக் கொண்டு மதிப்பெண் போட்டது. 2016இல் வெளியான சுயாதீன மதிப்பீட்டின்படி, பட்டியலில் இருந்தவர்கள் சுடப்படுவது குறையவில்லை. துப்பாக்கிச்சூட்டு வழக்கில் அவர்கள் கைதாவது மட்டும் கூடியிருந்தது. சில ஆண்டுகளில் அப்பட்டியல் கைவிடப்பட்டது. எடின்பரோவில் சுமார் 4,300 இளையோரைத் தொடர்ந்த மெக்காரா, மெக்வி இருவரும் இதையே வேறு வகையில் காட்டினார்கள். ஒருமுறை காவல்துறைக்குப் பழக்கமான முகமாகிவிட்டவர்களே திரும்பத் திரும்ப இழுக்கப்பட்டார்கள். அதே அளவு தவறு செய்தும் அமைப்புக்கு வெளியே விடப்பட்டவர்கள் சீக்கிரம் திருந்தினார்கள்.

சிறார் ஒருவரும் குற்றம்சாட்டப்பட்ட 2012 டிசம்பர் டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு எழுந்த கோபத்தில் இந்தியா 2015இல் இளைஞர் நீதிச் சட்டத்தைத் திருத்தி எழுதியது. குறைந்தது 7 ஆண்டுத் தண்டனைக்குரிய கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 16 முதல் 18 வயதினரை, பெரியவர்போல விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் முதல்நிலை மதிப்பீடு செய்ய வேண்டும். அவனுக்கு விளைவு புரிந்ததா, மன முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும். இது நிபுணத்துவம் வேண்டும் நுட்பமான வேலை என்று உச்ச நீதிமன்றமே 2022இல் சொன்னது. ஏற்கெனவே இதைச் செய்து பார்த்த அமெரிக்காவில், 2007இல் ஆய்வுகளைத் தொகுத்த அரசு நிபுணர் குழு கண்டது இது: பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்ட சிறார்கள், மாற்றப்படாதவர்களைவிடச் சுமார் 34 விழுக்காடு அதிகமாக மீண்டும் கைதானார்கள். கடுமை காட்டியதில் பாதுகாப்பு கூடவில்லை, குறைந்தது. பொதுவாகச் சிறாரின் குற்றப் பதிவை அழித்து வேலைக்கும் படிப்புக்கும் தடையில்லாமல் செய்யும் இதே சட்டத்தின் 24ஆம் பிரிவு ஒரு நல்ல காப்புக் காரணி. பெரியவராக விசாரிக்கப்பட்டுக் குற்றம் உறுதியானவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. யாருக்கு வேலையும் குடும்பமும் என்ற திருப்பம் மிக அவசியமோ, அவர்களுக்கே அது மறுக்கப்படுகிறது.

இரண்டு வார அறிக்கை

ஒரு சிறுவன் பிடிபட்டதும், நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் அவனைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கையைக் குழுமத்திடம் தர வேண்டும். அதற்கான படிவத்தில் வருமானம், பெற்றோர் ஒற்றுமை, வீட்டில் யாராவது வழக்கில் சிக்கியிருக்கிறார்களா, பள்ளியை ஏன் விட்டான், கொடுமைக்கு ஆளானானா, நண்பர்கள் வயதில் மூத்தவர்களா, போதைப் பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்கப்படுகிறது. ஃபாரிங்டனின் பட்டியலேதான். லண்டனில் அதை 8 வயதில் கேட்டார்கள். இங்கே கூர்நோக்கு இல்லத்தின் கதவு சாத்தப்பட்ட பிறகு கேட்கிறோம்.

அதே கேள்விகளை எட்டு, பத்து ஆண்டுகள் முன்னதாகக் கேட்கக்கூடியவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்: அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர், வகுப்பாசிரியர், சந்துரு குழு கேட்ட பள்ளி நல அலுவலர். அதற்கு மூன்று நிபந்தனைகள் போதும். விடைகள் காவல் நிலையத்துக்குப் போகக் கூடாது. உதவி தேவைப்படும் பிள்ளைகளைத் தனிக் கூட்டமாகப் பிரித்து உட்காரவைக்கக் கூடாது. சாதியைக் காரணியாகக் குறிக்க வேண்டிய இடம் பிள்ளை பிறந்த சாதி என்ற கட்டம் இல்லை. அந்தப் பள்ளியில் சாதிப் பகை நிலவுகிறதா என்ற கட்டம்.

வளர்ப்பு, சேர்க்கை, ஏரியா, பிறவி நான்கிலும் உண்மை உண்டு. ஒன்று தனியாக நின்றால் பெரும்பாலான பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள். கூடும்போது தாங்க முடிவதில்லை. தாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு விட்டுப்போகாத ஒரு பெரியவர் இருந்தார். அப்படி ஒருவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் உறுதிசெய்யச் சம்பளமும் பதவியும் ஒதுக்குவது, கூர்நோக்கு இல்லங்களுக்கு மதில் உயர்த்துவதைவிடப் பயனுள்ளது. பலன் தந்த திட்டங்கள் காட்டும் திசையும் இதுதான்.